பிரதி எடுத்தால் போதுமா?

புத்தகம் காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிற ஜனங்கள் நாம். சரஸ்வதி பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதே புத்தகம் பரணில் இடத்தை அடைக்கிறது என்று தோன்றினால், மறுவாரமே பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிட்டுக் கிலோ என்ன விலை என்று கேட்கவும் தயங்குவதில்லை. பூஜைக்கும் தராசுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு காரியம் உண்டு. வைத்திருப்பது. வைத்திருந்து, பூச்சி அரிக்காமல் பார்த்து, கேட்டு வருகிறவருக்கு எடுத்துக் கொடுப்பது. நம்மிடையே இதைச் செய்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் செய்ததை இலக்கியக் காரியமாக நம் விமரிசகர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதும் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். தொழிலோடு வந்த 'ரோஜா' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டு, ரோஜா முத்தையா ஆகிவிட்டார். 1950 வாக்கில் பழைய புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1992-ல் காலமாகும் வரை அவர் நிறுத்தவில்லை. அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அவற்றில் பாதியளவு புத்தகங்கள். மீதியெல்லாம் பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கலியாணப் பத்திரிகைகள், கடிதங்கள், படங்கள், துண்டுப் பிரசுரங்கள். அவர் பெரிய படிப்புப் படித்தவரல்ல. எந்தப் பல்கலைக் கழகமும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் சமீப காலச் சரித்திரத்தை எழுத விரும்பிய ஆராய்ச்சியாளர்கள், உள்நாட்டாரும் வெளிநாட்டாரும், கோட்டையூருக்கு வண்டி ஏற வேண்டியிருந்தது.

இந்த ஜாபிதாவை இன்னொரு முறை பாருங்கள். கலியாணப் பத்திரிகையை எவன் சேர்த்து வைப்பான்? நாடக நோட்டீஸ் மறுநாள் காலையில் பொட்டலம் மடிக்கப் போவது. குஜிலிக் கடைத் தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைக் கௌரவமான புத்தகசாலை எதுவும் உள்ளே விட்டிருக்காது. கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, புயல் சிந்து என்று அன்றன்றைய பரபரப்பை அப்படியே அச்சிட்டு விற்ற காகிதங்கள் அவை. ரோஜா முத்தையா இவை உயர்ந்தவை என்று நினைத்துச் சேர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. உயர்வு தாழ்வு பார்ப்பது தம் வேலை இல்லை என்று இருந்துவிட்டார். அதுதான் அவருடைய மேதைமை.

விமரிசகன் தரம் பிரிக்கிறவன். தரம் பிரிப்பது தேவைதான். நானும் அந்தத் தொழிலைக் கொஞ்சம் செய்து வருகிறேன். ஆனால் விமரிசகன் தள்ளிவிட்டதை யாராவது ஒருவர் எடுத்து வைக்காவிட்டால், அவன் தீர்ப்பு சரியா தப்பா என்று பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது. தமிழ் நாவலின் கதையையே எடுத்துக்கொள்ளுவோம். 1879-ல் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. 1890-களில் ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1898-ல் மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்'. அதன் பிறகு துப்பறியும் நாவல்களும் தழுவல்களும் மலிந்தன என்று ஒரே வாக்கியத்தில் இருபது முப்பது வருஷங்களைத் தாண்டிக் கல்கியிடம் வந்து சேர்ந்துவிடுவோம். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளே ஆரணி குப்புசாமி முதலியார் இருக்கிறார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் இருக்கிறார், ஜே. ஆர். ரங்கராஜு இருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி'யையும் நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் இருக்கிறார். நம் பாட்டிமார்களுக்குப் படிக்கிற பழக்கத்தைப் பிடித்துக்கொடுத்தவர்கள் இவர்கள். இவர்களை மட்டம் என்று சொல்லுகிற உரிமை நமக்கு உண்டு. ஆனால் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா? படிப்பதற்குப் புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகங்களைத் தேடிப் போனால், பல சமயம் வழி கோட்டையூரில்தான் போய் முடிகிறது.

ரோஜா முத்தையா காலமான பிறகு அந்தச் சேகரம் என்ன ஆயிற்று என்பதில் நாம் வெட்கப்படவும் இடம் இருக்கிறது, ஆறுதல் கொள்ளவும் இடம் இருக்கிறது. அதை விலைகொடுத்து வாங்கியது நம் பல்கலைக் கழகங்களில் ஒன்று அல்ல. அமெரிக்காவிலுள்ள சிகாகோ பல்கலைக் கழகம். அது வெட்கம். வாங்கியவர்கள் மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிடவில்லை. புத்தகங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்க வேண்டும், தங்களுக்கு மைக்ரோபிலிம் பிரதி போதும் என்று ஏற்பாடு செய்தார்கள். அது ஆறுதல். 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் நிறுவப்பட்டது. கோட்டையூர் வீட்டிலிருந்து லாரி ஏறிய காகிதங்கள் முதலில் முகப்பேருக்கும், பின்னால் தரமணிக்கும் போய்ச் சேர்ந்தன.

இந்த மைக்ரோபிலிம் என்ன என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். சினிமாப் படச்சுருளைப் போன்ற 35 மில்லிமீட்டர் பிலிமில் புத்தகத்தின் பக்கங்களைச் சிறிது சிறிதாகப் படம் பிடித்து வைப்பது. புத்தகத்தை மேஜையில் விரித்து, மேலேயிருந்து காமிரா ஒவ்வொரு பக்கமாக எடுக்கிறது. அதற்கு முன்னால் கிழிசல் ஒட்டி, பக்க வரிசை பார்த்து, விடுபட்ட பக்கங்களைக் குறித்து வைக்க வேண்டும். வேலையில் பாதி அதுதான். எடுத்தபின் மூன்று தலைமுறை உண்டாகிறது. முதல் நெகடிவை யாரும் தொடாமல் குளிர்ந்த அறையில் பூட்டி வைக்கிறார்கள். அதிலிருந்து இரண்டாவது ஒன்று, மேலும் பிரதிகள் போடுவதற்கு. மூன்றாவது, வாசகர் கையில் கொடுத்துத் தேய விடுவதற்கு. பாலியெஸ்டர் பிலிமை ஈரமும் சூடும் படாமல் வைத்தால் ஐந்நூறு வருஷம் இருக்கும் என்பது நிபுணர்களின் மதிப்பு. பழைய அசிடேட் பிலிம் அப்படியல்ல. வயதானால் காடிவாடை அடித்துச் சுருங்கிப்போகும். பிலிமுக்குள்ள பெரிய நற்குணம் வேறு. அதைப் படிக்க வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் போதும். எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, என் சந்தேகத்தையும் சொல்ல வேண்டும்.

பிரதி எடுத்தாயிற்று என்ற நிம்மதியைப் போல அபாயம் வேறில்லை. இது நமக்குப் புதிய பாடம் அல்ல. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, கோயிலிலிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்களாம். சிதைந்த ஏட்டைப் புதிதாகப் பிரதி செய்துகொண்டு, பிறகு பழையதை ஆகுதியாக்குவதுதான் முறை. நம்மவர்கள் முன்பாதியை மறந்துவிட்டுப் பின்பாதியை மட்டும் சிரத்தையாகச் செய்தார்கள். அமெரிக்கர்கள் முன்பாதியையும் செய்தார்கள். ஆனாலும் நஷ்டம் வந்தது. நிக்கல்ஸன் பேக்கர் என்ற நாவலாசிரியர் 2001-ல் 'டபிள் ஃபோல்டு' என்று ஒரு புத்தகம் எழுதினார். பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்த்து, ஒடிந்தால் அந்தப் புத்தகத்துக்கு ஆயுள் முடிந்தது என்று நூலகங்கள் தீர்மானித்த பரீட்சையின் பெயர் அது. இந்தப் பரீட்சையை நம்பி, அமெரிக்கப் பெரிய நூலகங்கள் பழைய தினசரிகளின் பைண்டை வெட்டிப் பிரித்து, படம் எடுத்து, காகிதத்தைக் கழித்துவிட்டன என்பது அவர் குற்றச்சாட்டு. பிலிமில் பக்கங்கள் விட்டுப்போயிருந்தன. சில இடம் மங்கலாயிருந்தது. வர்ணப் படங்கள் கறுப்பாகிவிட்டன. திரும்பிப் பார்க்க மூலம் இல்லை. வாயால் சண்டை போட்டதோடு பேக்கர் நிற்கவில்லை. பிரிட்டிஷ் நூலகம் கழித்துக் கட்டிய அமெரிக்கத் தினசரிகளைச் சொந்தப் பொறுப்பில் வாங்கிக் காப்பாற்றினார். 2004-ல் அவை டியூக் பல்கலைக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பேக்கர் சொல்லுவதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சென்னை வெயிலும், கடற்கரை ஈரமும், கறையானும், ராமபாணப் பூச்சியும் அவருக்குத் தெரியாது. மரக்கூழில் செய்த மட்டக் காகிதம் இங்கே ஐம்பது வருஷத்தில் அப்பளமாகிவிடுகிறது. பிலிம் எடுத்திராவிட்டால் பல புத்தகங்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சியிராது. ஆகையால் பிலிம் வேண்டும். ஆனால் பிலிம் காகிதத்துக்குக் காவல்காரனாக இருக்க வேண்டுமே தவிர வாரிசாக வந்துவிடக் கூடாது. ரோஜா முத்தையா நூலகத்தில் பிலிமும் இருக்கிறது, மூலமும் இருக்கிறது. அமெரிக்கப் பணத்தில் நடந்த காரியம், அமெரிக்க நூலகங்கள் செய்த தவற்றைச் செய்யாமல் தப்பியது என்பதை நாம் பாராட்டிச் சொல்ல வேண்டும்.

மூலத்துக்காக நான் இவ்வளவு மல்லுக்கு நிற்பது ஏன் என்று நாவல் வாசகர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. உங்கள் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருக்கும். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த குடும்பங்கள் எத்தனை! இன்று அந்த நாவல் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் பைண்டு புத்தகத்தில் உள்ளது வேறு நாவல். அதில் மணியத்தின் சித்திரங்கள் இருக்கின்றன. அத்தியாயம் எங்கே நின்றது, அடுத்த இதழ் வரும் வரையில் வாசகர் எதை நினைத்துத் தவித்திருப்பார் என்பது தெரிகிறது. பின்பக்கத்தில் கூந்தல் தைலத்துக்கும் காபிப் பொடிக்கும் விளம்பரம் இருக்கும்; யாருக்காக இந்தக் கதை எழுதப்பட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம். 'தில்லானா மோகனாம்பா'ளைக் கோபுலுவின் சித்திரங்கள் இல்லாமல் படிக்கிறவருக்கு, கச்சேரியில் தவில் இல்லாத மாதிரி ஒரு குறை இருந்தே தீரும். தொடர்கதை என்பது எழுத்தாளனும் ஓவியனும் பத்திரிகையும் வாசகரும் சேர்ந்து செய்த காரியம். புத்தகப் பதிப்பு அதில் நால்வரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மூவரை அனுப்பிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் பிலிம் தீபாவளி மலரின் வர்ணத்தை அனுப்பிவிடுகிறது.

பைண்டு செய்கிறவர் ஒரு கொடுமை செய்வதுண்டு. ஓரம் வெட்டும்போது பக்கத்தின் மேல் விளிம்பிலுள்ள தேதியும் சேர்ந்து போய்விடும். கதை முழுசாக இருக்கும். எந்த வருஷத்துக் கதை என்பது தெரியாது. சேகரத்தைக் காப்பதில் நடக்கும் எல்லாத் தவறுகளும் இந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன். எதை முக்கியம் என்று நினைத்தோமோ அது பிழைத்துவிடுகிறது. முக்கியம் என்று தோன்றாதது வெட்டுப்படுகிறது. பிறகு ஒரு நாள் அதுதான் தேவைப்படுகிறது.

இப்போது பிலிமின் இடத்துக்கு டிஜிட்டல் பிரதி வந்திருக்கிறது. இதன் உபகாரத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1981-ல், மே 31 இரவும் மறுநாளுமாக, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. அந்த வடுவோடு வளர்ந்த சமூகத்திலிருந்து 2005-ல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு டிஜிட்டல் நூலகம் தோன்றியது. இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் இன்று எந்த ஊரிலிருக்கிற தமிழரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே கட்டடத்தில் இருப்பதை ஒரே தீக்குச்சி முடித்துவிடும். பல இடத்தில் இருப்பதை முடிப்பது கஷ்டம். பிரதியின் பக்கத்தில் இதைவிட வலுவான வாதம் இல்லை.

எனினும் பிலிமுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிலிம் சும்மா இருந்தால் பிழைத்துக்கொள்ளும். டிஜிட்டல் பிரதி சும்மா இருந்தால் செத்துப்போகும். அதை வைத்திருக்கிற தட்டு சில வருஷங்களில் கெடுகிறது. படிக்கிற யந்திரம் மாறுகிறது. எழுதி வைத்த முறையும் பழசாகிறது. ஒவ்வொரு தடவையும் புதிய வீட்டுக்குக் குடிபெயர்க்க வேண்டும். கோட்டையூரிலிருந்து சென்னைக்கு வந்தது ஒரு தடவை இடமாற்றம். இது முடிவில்லாத இடமாற்றம். பணம் கொடுக்கிறவர் ஒரு வருஷம் கை ஓய்ந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

இன்னொரு சங்கடம் தமிழுக்கே உரியது. டிஜிட்டல் பிரதியில் சொல்லைத் தட்டினால் பக்கம் வருகிறதே, அதற்கு யந்திரம் எழுத்தைப் படித்தாக வேண்டும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால் அச்சான புத்தகங்களில் ணை, லை, னை, றா போன்றவற்றுக்கு வேறு வடிவம். தேய்ந்த அச்சு, சாயம் ஊறிய காகிதம், அதன் மேல் பழைய எழுத்து என்றால் யந்திரம் தடுமாறுகிறது. தடுமாறியதாக ஒப்புக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. தேடியது அகப்படவில்லை என்று சொல்லிவிடும். இல்லை என்றே நாம் நம்பிவிடுவோம். புத்தகசாலையில் அலமாரி அலமாரியாகப் பார்த்த ஆராய்ச்சியாளனுக்குத் தேடாததும் கையில் அகப்பட்டது. அந்த அதிர்ஷ்டத்துக்கு யந்திரத்தில் இடம் குறைவு.

அப்படியானால் தனி மனிதரின் சேகரத்தை எங்கே வைப்பது, எப்படி வைப்பது? வடநாட்டு உதாரணம் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. மாளவத்தில் சீதாமௌ என்ற சிறிய சமஸ்தானத்தின் இளவரசர் ரகுவீர் சிங் (1908–1991). சரித்திராசிரியர் யதுநாத சர்க்காரின் சீடர், தாமும் சரித்திராசிரியர். மொகலாயர் காலத்துப் பாரசீகச் சுவடிகள் வெளிநாட்டு நூலகங்களில் சிதறிக் கிடந்ததால், அவற்றை மைக்ரோபிலிமாக வரவழைத்துத் தம் ஊரில் சேர்த்தார். குருவின் சொந்தப் புத்தகங்கள் கல்கத்தாவின் தேசிய நூலகத்துக்குப் போயின. சீடர் தம்முடையதைத் தலைநகருக்கு அனுப்பாமல், 1974-ல் சீதாமௌவிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையமாக்கினார். அந்தச் சிற்றூருக்குப் போய்த்தான் மொகலாயச் சரித்திரத்தின் சில பக்கங்களைப் படிக்க வேண்டும் என்று ஆயிற்று. கோட்டையூருக்கு ஏன் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை என்று நான் கேட்பதுண்டு. பணம், பராமரிப்பு, குளிர்சாதன அறை என்று பதில் வரும். நியாயமான பதில்தான். ஆனாலும் சேகரம் ஊரை விட்டுப் போகும்போது, யார் எந்த வீட்டிலிருந்து எதைக் கொடுத்தார் என்கிற வாய்மொழிக் கணக்கு ஊரோடு நின்றுவிடுகிறது. சேகரித்தவர் எதை எதற்குப் பக்கத்தில் வைத்தார் என்ற ஒழுங்கும், எண் போட்டு அடுக்கும்போது கலைந்துவிடுகிறது. ரோஜா முத்தையாவின் சேகரம் அவர் இயற்றிய ஒரு நூல் என்றே நான் சொல்லுவேன். அதைப் பிரதி செய்கிறவர்கள் அத்தியாய வரிசையையும் சேர்த்துப் பிரதி செய்ய வேண்டும்.

நான் குடியிருக்கும் தண்டலம் பக்கத்தில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று மோட்டார் வண்டியும் கைத்தொலைபேசியும் செய்து உலகத்துக்கு அனுப்புகிற வட்டாரம். இந்தச் செங்கற்பட்டுச் சீமைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1767 முதல் 1774 வரை, கம்பெனியின் எஞ்ஜினீயர் பர்னார்டு என்பவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் விவரத்தை எடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள்: எத்தனை வீடு, யார் யார், என்ன தொழில், எவ்வளவு நிலம், ஏரி எது, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு. சரித்திராசிரியர் தரம்பால் இதன் அருமையை எடுத்துச் சொன்னார். அந்த ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்து ஊர்களில் வண்ணாருக்கும் தச்சருக்கும் என்ன பங்கு என்று நாம் சொல்ல முடியும்.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்ல முடியுமா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் திறந்தது; 2014-ல் மூடியது. சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தூர ஜில்லாக்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய் வந்தார்கள். முதல் சம்பளம், தனி அறை, தங்கை படிப்பு, தள்ளிப்போட்ட கலியாணம் என்று எத்தனை நாவலுக்கான விஷயம் அந்த எட்டு வருஷத்தில்! அந்தப் பெண்களின் அடையாள அட்டை, காண்டீன் டோக்கன், விடுதி ரசீது, பஸ் நேர அட்டவணை, மூடுகிற நாளில் கையில் வாங்கிய கடிதம் — இவை எங்கே? ரோஜா முத்தையா இந்த வட்டாரத்தில் பிறந்திருந்தால் இவற்றைத்தான் பொறுக்கியிருப்பார். மனை விற்பனை நோட்டீஸையும், வட இந்தியத் தொழிலாளருக்காக ஹிந்தியில் எழுதி ஒட்டிய வாடகை அறிவிப்பையும் எடுத்து வைத்திருப்பார். நூறு வருஷம் கழித்து இந்த ஊரைப் பற்றி நாவல் எழுதுகிறவனுக்குக் கம்பெனிகளின் ஆண்டறிக்கை மட்டும் மிஞ்சினால், அவன் எழுதப்போகிற நாவல் எப்படி இருக்கும்!

கைத்தொலைபேசி செய்கிற ஊரில் காமிரா இல்லாத வீடு இல்லை. ஆகவே பிரதி எடுப்பது இனி நிபுணர் வேலை அல்ல. வைத்திருப்பதுதான் இன்னமும் கடினமான வேலை. வாசகர்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. பரணிலிருக்கும் பைண்டு புத்தகத்தைத் தராசில் வைப்பதற்கு முன், எந்தப் பத்திரிகை, எந்த வருஷம், யார் சேர்த்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே செருகுங்கள். தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். விளம்பரப் பக்கங்களைக் கிழிக்காதீர்கள். பிறகு அதை வாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு நூலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால், இன்னொரு நூலகத்துக்கு எழுதுங்கள்.